பதிமூன்றாவது குரல்

எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது தெரிந்திருந்தால் எங்கள் தெருவே கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். நான்கு நாட்கள் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஒருத்திக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவளோடுதான் பதினொரு மாதமாக எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

கூடலூரில் என் வாய்க்குத் தனிப் பெயர் உண்டு. ரேஷன் கடை வரிசையில் என்னைத் தாண்டி எவளும் பையை வைக்க மாட்டாள். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் நியாயம் கேட்க என்னைக் கூப்பிடுவார்கள், பிறகு ஏன் கூப்பிட்டோம் என்று வருந்துவார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. கணவர் லாரி ஓட்டினார். சரக்கு ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டினால் பத்து நாள் கழித்துத்தான் முகம் பார்க்கலாம்.

நாங்கள் இருந்தது ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிய வீடு. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கணவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி எனக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில். சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அம்மியில் மிளகாய் நசுங்கினால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

முந்தின வருடம் என் ஐந்து மாதக் கரு கலைந்தது. கம்பத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் படுத்துக் கிடந்த நாட்களில் தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆகாதவர்கள்கூட வந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவள் வரவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், என் துரதிர்ஷ்டம் தன் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டாள் என்று நானாக முடிவு கட்டினேன். எழுந்து நடமாடிய முதல் நாளே வாசலில் நின்று, இனி அவள் நிழல் என் வீட்டுப் பக்கம் விழக் கூடாது என்று தெருக்கோடி வரை கேட்கச் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு சரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் இருக்க என்னால் முடியவில்லை. தொட்டில் கட்டுவதற்காகக் கணவர் ஆசையாக அடித்து வைத்த கொக்கி உத்தரத்தில் அப்படியே இருந்தது. படுத்தால் அதுதான் தெரியும். கழற்றச் சொல்லவும் வாய் வரவில்லை. அடுத்த வருடம் ஏலக்காய் எடுக்கும் பருவம் தொடங்கியதும் மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் இடம் கேட்டேன். கூலிக்காகப் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த மலை வேண்டியிருந்தது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி, சோற்றைத் தின்று அசதியில் விழுந்து தூங்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள். அவளும் அதில் இருந்தாள். எனக்கு முன்பே மூன்று பருவமாகப் போகிறவள். ஜீப்புக்கு ஆள் சேர்த்த கங்காணி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். மூக்குப்பொடி போடுவாள், சிரிக்க மாட்டாள். ஒரே வீட்டு ஆட்கள் பக்கத்துப் பக்கத்துச் செடி நிரையில் நிற்க வேண்டும் என்பது அவள் வைத்த ஒழுங்கு. எங்கள் சண்டை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றவில்லை. "சண்டைய ஜீப்புல ஏறுறதுக்கு முன்னால கீழ வச்சிட்டு வாங்க. எறங்கும்போது எடுத்துக்கங்க," என்றாள்.

விடியும் முன்பே தெருமுனையில் ஜீப் வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். லோயர் கேம்ப் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது, மலையிலிருந்து இறங்கும் பெரிய மின்நிலையக் குழாய்கள் மீது வெளிச்சம் பட ஆரம்பித்திருக்கும். குமுளியில் ஒரு டீ. பிறகு தோட்டம். ஏலச்செடி ஆள் உயரத்தைவிட அதிகம் வளரும். காய் மட்டும் தரையோரம் சரம் சரமாகத் தொங்கும். குனிந்து, உட்கார்ந்து, தவழ்ந்துதான் எடுக்க வேண்டும். புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் பெயிண்ட் வாளி, தலையில் துண்டு. பத்து மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் நம் கை நமக்கே மங்கலாகத்தான் தெரியும். பக்கத்து நிரையில் இருப்பவளை நாள் முழுக்கப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

அதற்காக எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதோ வேறு கூட்டத்தில் ஒருத்தி உரக்குழிக்குள் விழுந்து மயங்கிக் கிடக்க, அவளை விட்டுவிட்டு ஜீப் மலை இறங்கிவிட்டதாம். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் குரல் கொடுக்கும் முறை வந்தது. மணிக்கு ஒரு தடவையோ, மேகம் கனக்கும்போதோ கீழ்க் கோடியிலிருந்து கங்காணி ஓய் என்று நீட்டுவாள். முதல் நிரைக்காரி ஓ என்பாள். அடுத்தவள் அடுத்து. அப்படியே ஒவ்வொரு குரலாகச் சரிவில் ஏறி, மேல் கோடியில் பன்னிரண்டாவது ஓ வந்து முடியும். கங்காணி விரல் விட்டு எண்ணுவாள். ஆறாவது அவள். ஏழாவது நான்.

எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள் ஒரு சத்தம் மெல்ல நடந்து நம்மிடம் வரும். நாம் அதை வாங்கி அடுத்தவளுக்குக் கொடுப்போம். அந்த ஒரு நொடியில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது எனக்கே உறைக்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் முழுக்க நனைந்தோம். இரவு எச்சில் விழுங்கினால் முள் குத்தியது. காலையில் எழுந்து அடுப்படியில் பாலைப் பொங்கவிட்டு, ஐயோ என்று சொல்லப் பார்த்தேன். வாய்தான் திறந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். கதவுக் கீல் போல ஒரு சின்னக் கிறீச்சுதான் வந்தது.

தொண்டை வலியைவிட வேறொன்று எனக்குப் பெரிதாக இருந்தது. குரல் இல்லாதவளைக் கங்காணி ஏற்ற மாட்டாள். பல் வீங்கி வாய் திறக்க முடியாத ஒருத்தியை லோயர் கேம்பிலேயே இறக்கிவிட்டு பஸ்ஸுக்குக் கையில் காசு கொடுத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று நாள் வராவிட்டால் இடம் போய்விடும். ஒவ்வொரு நாளும் தெருமுனையில் நான்கைந்து பேர் துண்டோடு காத்து நிற்பார்கள், எவளாவது வராமல் போக மாட்டாளா என்று. இடம் போனால் பருவம் முடியும் வரை நானும் அந்தக் கொக்கியும்தான்.

உப்பு போட்ட வெந்நீரை அண்ணாந்து தொண்டைக்குள் உருட்டிக் கொப்பளித்தேன். மூன்று செம்பு. ஒன்றும் நடக்கவில்லை. ஹாரன் கேட்டது. துண்டைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு ஏறி, கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். "என்னத்தா, இன்னைக்கு ரேடியோ பாடலயே," என்று ஒருத்தி கேட்டாள். "லாரிக்காரரு வந்துட்டுப் போயிருப்பாரு, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா," என்று இன்னொருத்தி சொன்னாள். சிரித்தார்கள். திருப்பிக் கொடுக்க என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதை விழுங்கியபோதும் வலித்தது.

பத்தரை மணிக்கு மேகம் வந்தது. ஓய் என்று கங்காணி நீட்டினாள். ஒன்று, இரண்டு என்று குரல்கள் ஏறி வந்தன. வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது வந்தது. ஆறாவதாக அவளுடைய அடித்தொண்டைக் குரல் வந்தது. நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் போனது. அவ்வளவுதான், என் மலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது என் குரல் கேட்டது.

கொஞ்சம் மூக்கில் இழுத்து, கடைசியில் மேலே ஏறி முடிகிற என் குரலேதான். எட்டாவது நிரைக்காரி எதையும் உணராமல் தன் ஓவைக் கொடுத்தாள். அது மேலே ஏறிப் பன்னிரண்டில் முடிந்தது. ஆறாவது நிரையில் இலைகள் அசைந்தன. அவள் ஒரு செடி தள்ளி வந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, என் இடத்திலிருந்து வருவது போலக் கொடுத்திருக்கிறாள். ஆள் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வாளியில் காய் விழும் சத்தம் பழையபடி தொடங்கியது.

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். நான் இவ்வளவு கேவலமாகவா கத்துகிறேன்? அந்த இழுப்பை அவள் வேண்டுமென்றே கூட்டிச் செய்த மாதிரி இருந்தது. அடுத்த தடவையும் கொடுத்தாள். அதற்கு அடுத்த தடவையும். சாயங்காலம் ஜீப்பில் என் எதிரில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்கிற எதுவும் அந்த முகத்தில் இல்லை. காலையில் நான் கொப்பளித்த சத்தம் சுவரைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளும் அப்படியே போனது. சாயங்காலம் டாக்டரிடம் போனேன். பெயர் என்ன என்றார். துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். என்ன செய்கிறது என்றார். அதையும் எழுதினேன். நாக்கைக் கரண்டிக் காம்பால் அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா செவந்து கெடக்கும்மா. மாத்திரை தர்றேன், வெந்நி குடிங்க. ஆனா மருந்தவிட முக்கியம், பேசாதீக. குசுகுசுன்னும் பேசக் கூடாது. அது இன்னும் கெடுதல்," என்றார். எத்தனை நாள் என்று விரலால் கேட்டேன். "குரல் தானா வர்ற வரைக்கும்," என்றார். என் கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த டாக்டருக்குத் தேங்காய் பழம் வைத்திருப்பார்.

நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கி ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். காரமும் கசப்பும் ஊறித் தொண்டையில் மெல்ல இறங்கும். பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துக் குடித்தேன். குமுளி டீக்கடைக்காரர் என் கழுத்துத் துண்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீக்குப் பதில் சுக்குக் காப்பி நீட்டினார். மூன்றாம் நாள் இரவு வெற்றிலைச் சுண்ணாம்பில் தேனை விட்டுக் குழைத்தேன். இரண்டும் சேர்ந்தால் உள்ளங்கையிலேயே சூடு ஏறும். அதைத் தொண்டைக் குழிக்கு மேல் வெளியே பற்றுப் போட்டுக்கொண்டு, காய்ந்து தோலைக் கவ்வும் வரை அண்ணாந்து கிடந்தேன். இத்தனைக்கும் நாள் முழுக்க நிற்பது ஏலக்காய்க்கு நடுவில். ஒரு காயைக் கடித்திருந்தால் எவ்வளவு இதமாக இருந்திருக்கும். வாயில் வாசம் வந்தாலே கங்காணி கண்டுபிடித்துவிடுவாள்.

பேசாத நாட்கள் பழகப் பழக எனக்கு ஒரு மயக்கம் வந்தது. கொஞ்சம் காய்ச்சலும் இருந்திருக்கும். தூக்கத்தில் நடப்பது போல நிரைக்குள் நகர்ந்துகொண்டிருந்தேன். இத்தனை வருடமும் என் சத்தத்துக்கு அடியில் இவ்வளவு சத்தங்கள் கிடந்தனவா என்று இருந்தது. இலை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கீழ் இலையில் விழும், அங்கிருந்து அதற்கும் கீழே. எங்கோ ஒரு குரங்கு தொண்டையைச் செருமும். வாளி நிறைய நிறையக் காய் விழும் சத்தம் மாறிக்கொண்டே போகும். பக்கத்து நிரையில் அவளுடைய கண்ணாடி வளையல் இரண்டு மெல்லத் தட்டும். நெஞ்சில் லேசாகச் சளி இருந்தது அவளுக்கு. முழங்கால் மடக்கும்போது மூச்சுவிட்டு ஒரு சின்ன முனகல் போடுவாள். பதினொரு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை நான் அந்த மேகத்துக்குள்தான் பக்கத்தில் உணர்ந்தேன். உணர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வளையல் சத்தம் சற்று நேரம் நின்றால் என் கையும் நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் காலையில் வெந்நீரை விழுங்கியபோது முள் இல்லை. ஜீப்பில் ஏறும்போதே தொண்டைக்குள் எதுவோ இளகியிருந்தது. சோதித்துப் பார்க்கப் பயம். வந்தால் கங்காணி நீட்டும்போதுதான் வர வேண்டும் என்று வைராக்கியமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எவளுடைய தயவும் எனக்கு வேண்டாம் என்பதை முதலில் என் ஓரகத்திக்குக் காட்ட வேண்டும். அப்படித்தான் இருந்தது அன்றைக்கு என் புத்தி.

அன்று மேகம் ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. அவ்வளவு அடர்த்தியை அந்தப் பருவத்தில் பார்த்ததில்லை. கங்காணி நீட்டினாள். குரல்கள் ஏறின. ஆறாவது அவள் கொடுத்தாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு நொடி தயங்கிவிட்டேன். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என் ஓவை அவள் கொடுத்து முடிக்கவும், என் சொந்த ஓ அதே இழுப்போடு வெளியே வரவும் சரியாக இருந்தது. மேலே எட்டாவது நிரைக்காரி கொஞ்சம் குழம்பித்தான் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும் கீழேயிருந்து கங்காணியின் குரல் வந்தது. "பதிமூணு வருது. எவ ரெண்டு தடவ குடுத்தது?"

"இன்னொரு தடவ குடுங்க," என்றாள்.

மறுபடி ஏறியது. ஐந்து. ஆறு. எனக்குக் குரல் வந்துவிட்டது என்று அவளுக்கு இப்போது தெரியும், அதனால் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் எப்படியும் கொடுத்துவிடுவாள், இரட்டித்துவிடக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏழாவது இடத்தில் ஒன்றுமே வரவில்லை. வெகுநேரம் கழித்து எட்டாவது நிரைக்காரி நடுங்கிக்கொண்டே ஓ என்றாள்.

பதினொன்று.

முதலில் ஒரு ஆள் கூட வந்தது. இப்போது ஒரு ஆளைக் காணவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அந்த வெள்ளைக்குள் தனித்தனியாக நின்ற பெண்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. மேல் கோடியில் ஒருத்தி ஆத்தா என்று கத்தினாள். வாளிகள் உருண்டன. "எடுத்ததப் போட்டுட்டு எல்லாரும் பாதைக்கு வாங்கடி," என்று கங்காணி அலறினாள். அவள் அலறி அன்றுதான் கேட்டேன்.

பாதையில் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். கங்காணி ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து எண்ணினாள். பன்னிரண்டு. திரும்ப எண்ணினாள். பன்னிரண்டு. அது இன்னும் மோசமாகிவிட்டது. "அப்ப அங்கன நின்னு குரல் குடுத்தது எவ?" என்று ஒருத்தி கேட்டாள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் அழ ஆரம்பித்தாள். குழிக்குள் விழுந்தவளின் கதையை யாரோ எடுத்தார்கள். இனி இந்தத் தோட்டத்தில் காலை வைக்க மாட்டோம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். குரல் இருந்தது, வாய் இருந்தது. ஊரறிந்த வாய். ஆனால் சொன்னால் இடம் போய்விடும் என்று காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் சொன்னாள். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் குடுத்தேன். அவளுக்குத் தொண்ட கட்டிக்கிருச்சு. நாலு நாளா அவளுக்கும் சேத்து நான்தான் குடுக்குறேன்."

கங்காணி மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, திறக்காமல் திரும்ப மடியில் வைத்தாள். "ஏத்தா, ஒனக்குப் புத்தி இருக்கா? இவ எங்கனயாவது குழிக்குள்ள கெடந்திருந்தா? ஒன் குரல நம்பி நாங்க பாட்டுக்கு ஜீப்புல ஏறிப் போயிருப்போமே. பொணத்துக்குக் குரல் குடுத்திருப்ப நீ."

கங்காணி சொன்னது அத்தனையும் நியாயம். என் இடத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நான் அதை ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

"கெடந்திருந்தா எனக்குத் தெரியும்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "அவ வாளியில காய் விழுகுற சத்தம் கேட்டாத்தான் குடுப்பேன். அவ கை சத்தம் கேக்காம ஒரு தடவகூடக் குடுக்கல."

அந்த நான்கு நாளும் நான் அவள் வளையலைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால், அவள் என் கையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கங்காணி கொஞ்சம் இறங்கி வந்தாள், ஆனால் முழுக்க இறங்கவில்லை. "ரெண்டு பேரையும் இனிமே ஒண்ணா வச்சிக்க மாட்டேன். நாளையில இருந்து ஒருத்திக்குத்தான் எடம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க." பேசி என்று சொன்னபோது சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களைப் பற்றித் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

ஜீப் எங்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. வீடு வரை நூறு அடி தூரம்தான். அவள் முன்னால் நடந்தாள். நான் நின்றேன். கொஞ்சம் போய் அவளும் நின்றாள்.

"நீ போ," என்றாள் திரும்பாமலே. "எனக்குப் பிள்ளைக இருக்கு, பொழுது போயிரும். ஒனக்கு அந்த மல வேணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பதினொரு மாதத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை. அதிலும் பாதி கிறீச்சு.

"ஞாயித்துக்கெழம ஜீப்பு வராதுல்ல. அன்னைக்குப் பூராம் நீ அழுகுறது எனக்குக் கேக்கும்." சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "நீ ஆஸ்பத்திரில இருந்து வந்தன்னைக்கு நான் வந்தேன்டி. வாசல் வரைக்கும் வந்தேன். ரெண்டு பிள்ளையப் பெத்தவ, ஒன் முன்னால வந்து நின்னு என்னத்தச் சொல்ல? எனக்கு வாயி வரல. திரும்பிப் போயி செவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டேன். நீ அழுது ஓயுற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். தெனமும்."

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தெருவிலேயே நின்றேன். அன்று இரவு சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை அதட்டிச் சோறு ஊட்டும் சத்தம் கேட்டது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

மறுநாள் ஹாரன் அடித்ததும் நான் ஏறிக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் ஏறிக்கொண்டேன். ஆறாவது நிரையில் அவளுக்குப் பதிலாக, தெருமுனையில் காத்திருந்தவர்களில் ஒருத்தி, நல்ல பெண், சுறுசுறுப்பானவள். மேகம் வந்தது. கங்காணி நீட்டினாள். என் முறை வந்ததும் நான் கொடுத்த குரல் அந்தச் சரிவு முழுக்கக் கேட்டிருக்கும். "ஆத்தாடி, ரேடியோ வந்துருச்சு," என்று மேலே யாரோ சிரித்தார்கள். நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது, மலை, மேகம், ஜீப்பில் இடம், தொண்டையில் குரல். குனிந்து காய் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு காயும் வாளியில் விழும்போது இதை யாரும் கேட்கவில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து நிரைக்காரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேகமாக முன்னேறிப் போய்விட்டாள். மதியத்துக்குள் நான்கு தடவை எடுப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்று பார்த்தேன். நான் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் என் பூட்டைத் திறக்கவில்லை. அவள் வீட்டுக்குள் போனேன். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

"தொண்ட எப்படி இருக்கு?" என்றாள்.

சுத்தமாகச் சரியாகிவிட்டது. காலையில் அந்த மலையையே எழுப்பிய தொண்டை.

"வலிக்குதுக்கா," என்றேன்.

அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் போட்டாள்.